பேஸ் கிட்டாருக்கு எந்த ஆம்ப், எந்தப் பெட்டி: காம்போவிலிருந்து எட்டுப் பத்து வரை

பேஸ் ஆம்ப் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். உள்ளே எந்த ஸ்பீக்கர், எத்தனை, எப்படிப்பட்ட பெட்டி என்ற பேச்சு விலை படியும் நேரத்தில் வந்தால் உண்டு. வரிசை தலைகீழாக இருக்கிறது. எவ்வளவு சத்தம், எந்தக் குணம் என்பதில் பெரும்பங்கு பெட்டியுடையது. ஹெட், அதாவது ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப், அதற்குத் தீனி போடுகிறது. கையிலிருக்கும் பணத்தைப் பிரிப்பதானால் பெரிய பங்கு பெட்டிக்குப் போகட்டும்.

அவசரமாக முடிவு மட்டும் வேண்டுவோருக்கு: வாரம் ஒருமுறையாவது வெளியே வாசிப்பவர் 4 ஓம் வரை தாங்கும் (ஓம் என்பது பெட்டியின் மின்தடை) எடை குறைந்த கிளாஸ் டி ஹெட் (வால்வு இல்லாத நவீன வகை) ஒன்றும், 8 ஓம் 1×12 பெட்டி (12 இன்ச் ஸ்பீக்கர் ஒன்று உள்ளது) ஒன்றும் வாங்கலாம். தேவை வரும்போது அதே மாடலில் இன்னொரு பெட்டி. மண்டபத்தில் மிக்சர் வழியாகவே வாசிப்பவருக்கு அதுவும் வேண்டாம், ஆம்பும் ஸ்பீக்கரும் ஒன்றாக உள்ள நல்ல காம்போ ஒன்று போதும். ஏன் என்பதுதான் மீதிக் கட்டுரை.

நான்கு ஸ்ட்ரிங் பேஸின் ஈ ஸ்ட்ரிங் திறந்த நிலையில் 41 ஹெர்ட்ஸ். ஏ 55, டி 73, ஜி 98. ஐந்து ஸ்ட்ரிங் பேஸின் பி ஏறக்குறைய 31 ஹெர்ட்ஸ். ஆனால் ஈ ஸ்ட்ரிங்கைத் தட்டினால் நம் காதுக்குச் சுரத்தைச் சொல்வதில் பெரும் பங்கு அதன் இரண்டாவது மடங்கான 82 ஹெர்ட்ஸுக்கும் அதற்கு மேலுள்ளவற்றுக்கும் உண்டு. ராக் மேடையின் அடையாளமாகிவிட்ட ஆம்பெக் எஸ்விடி 810இ பெட்டியின் (எட்டு 10 இன்ச் ஸ்பீக்கர் கொண்டது) கணக்கைப் பாருங்கள்: 58 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபெல் இறங்கிவிடுகிறது, 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபெல். அதைக் கேட்டு யாரும் "லோ இல்லை" என்று சொன்னதில்லை. விளம்பரத் தாளில் 30 ஹெர்ட்ஸ் வரை போகும் என்று போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டியதில்லை; எத்தனை டெசிபெல் இறக்கத்தோடு என்று போடாத எண்ணுக்கு மதிப்பில்லை.

சிறிய பெட்டி, ஆழமான கீழ்ச் சுரம், குறைந்த வாட்டில் நிறையச் சத்தம். இந்த மூன்றில் எந்த இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம், மூன்றாவதை விட்டுவிட வேண்டும். ஸ்பீக்கர் வட்டாரத்தில் இதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்பார்கள். கைப்பெட்டி அளவில் இருந்துகொண்டு மேடையை அதிரவைக்கும் என்று விற்கப்படும் எதுவும், ஒன்று நிறைய வாட்டைக் குடிக்கும், இல்லை கீழ்ச் சுரத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும்.

பத்தா, பன்னிரண்டா, பதினைந்தா

"பத்து குத்தும், பதினைந்து உறுமும்" என்பது பேஸ் வாசிப்பவர்களிடம் வழிவழியாக வரும் வாக்கு. கணக்குப் போட்டால் நிற்காது. 10 இன்ச் கோனின் (ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் அசையும் கூம்பு) பரப்பு ஏறக்குறைய 350 சதுர செ.மீ., 12 இன்ச் 530, 15 இன்ச் 870. நாலு பத்து, அதாவது 10 இன்ச் ஸ்பீக்கர் நான்கு, சேர்ந்தால் 1400. அதாவது ஒற்றைப் பதினைந்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் காற்றைத் தொடுகிறது. எட்டுப் பத்து 2800.

பரப்பு பாதிக் கதை. கோன் முன்னும் பின்னும் கோணாமல் எவ்வளவு தூரம் நகரும் என்பது மீதி. ஸ்பீக்கர் தாளில் எக்ஸ்மேக்ஸ் என்று மில்லிமீட்டரில் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் ஒரு தடவையில் தள்ளும் காற்றின் அளவு வரும். 6 மி.மீ. நகரும் 12 இன்ச் ஸ்பீக்கர் 318 கன செ.மீ. தள்ளும். 4 மி.மீ. மட்டும் நகரும் பதினைந்து 348. வித்தியாசம் ஒரு டெசிபெல்கூடத் தேறாது. தாளைப் பார்க்காமல் இன்ச்சை மட்டும் பார்த்து வாங்கினால் பெரிய பெட்டியைச் சுமந்து சிறிய பெட்டியின் சத்தத்தைப் பெறுவது இப்படித்தான்.

அப்படியானால் பதினைந்து ஏன் காதுக்குக் கனமாகக் கேட்கிறது? கோன் பெரிதாகப் பெரிதாக மேல் சுரங்கள் டார்ச் வெளிச்சம்போல நேர் முன்னே குவிந்துவிடும், பக்கவாட்டில் நிற்பவருக்குப் போகாது. ட்வீட்டர் (மேல் சுரங்களுக்கான சின்ன ஸ்பீக்கர்) இல்லாத பதினைந்தின் அருகில் நிற்கும்போது விரல் சத்தமும் ஃப்ரெட் சத்தமும் குறைந்து அடிச்சத்தம் மட்டும் மிஞ்சுகிறது. லோ கூடவில்லை; ஹை குறைந்திருக்கிறது. ஹெட்டிலேயே ட்ரெபிளைக் குறைத்தாலும் ஏறக்குறைய அதே பலன்தான்.

மூடிய பெட்டிக்கும் போர்ட் (காற்றுக் குழாய்) வைத்த பெட்டிக்கும் உள்ள வேறுபாடு இன்ச்சைவிட முக்கியமானது. மூடிய பெட்டியில் கீழே போகப் போகச் சத்தம் ஒரு ஸ்தாயிக்கு 12 டெசிபெல் வீதம் மெதுவாக இறங்கும். உள்ளே அடைபட்ட காற்று கோனுக்கு ஸ்பிரிங்போல நின்று காக்கும். போர்ட் பெட்டி தன் இசைவு அலைவரிசை வரை நன்றாகத் தாக்குப்பிடித்து, அதற்குக் கீழே 24 டெசிபெல் வீதம் சரியும். பிடிமானம் போவதும் அங்கேதான்: 50 ஹெர்ட்ஸுக்கு இசைத்த பெட்டியில் 31 ஹெர்ட்ஸ் பி ஸ்ட்ரிங்கை ஓங்கி அடித்தால் கோன் கட்டில்லாமல் ஆடும். சத்தமாக வராது, "படபட" என்று மட்டும் கேட்கும். அந்தச் சத்தம் வந்தால் வால்யூமைக் குறைப்பதைவிட 35 அல்லது 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹை பாஸ் ஃபில்டரைப் போடுவது மேல். பல புதிய ஹெட்களில் உள்ளேயே இருக்கிறது, இல்லாவிட்டால் தனிப் பெடலாகக் கிடைக்கும். போட்ட பிறகு காதுக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியாது. பெட்டி மட்டும் நிம்மதியாக மூச்சுவிடும்.

பெட்டி எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்து, அதற்கென்றே 1952இல் பாஸ்மேன் ஆம்பை ஒற்றைப் பதினைந்தோடு விற்றது. பிறகு அதையே முதுகு திறந்த பெட்டியில் நாலு பத்தாக மாற்றியது. முதுகு திறந்திருந்தால் கோனின் பின்பக்கக் காற்று சுற்றி வந்து முன்பக்கக் காற்றோடு மோதிக் கீழ்ச் சுரம் அழிந்துவிடும். பேஸுக்கென்று பிறந்த அந்த ஆம்பை லீட் கிட்டார் வாசிப்பவர்கள் சுவீகரித்துக்கொண்டார்கள். மார்ஷலின் முதல் ஆம்ப் அதைப் பார்த்துச் செய்ததே.

வாட்டும் ஓமும்

வாட் இரட்டிப்பானால் 3 டெசிபெல் கூடும். காதுக்கு "ஆமாம், கொஞ்சம் கூடியிருக்கிறது" என்று படும் அளவு அது. சத்தம் இரு மடங்கு என்று தோன்ற 10 டெசிபெல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். 300 வாட் ஹெட்டை விற்று 500 வாட் வாங்குபவருக்குக் கிடைப்பது 2.2 டெசிபெல். அதே காசில் இரண்டாவது பெட்டி வாங்கினால் ஹெட்டிலிருந்து கூடுதல் வாட்டும் வரும், இரு பெட்டிகளும் கீழ்ச் சுரத்தில் கைகோக்கும் பலனும் சேரும். வோல்டேஜ் குறையாமல் தாக்குப்பிடிக்கும் ஹெட்டாக இருந்தால் இரண்டும் சேர்ந்து 6 டெசிபெல் வரை போகும். பவர் சப்ளை திணறும் ஹெட்டில் கொஞ்சம் குறையும்.

பேஸ் குமிழையும் சந்தேகத்தோடுதான் தொட வேண்டும். 12 டெசிபெல் ஏற்றினால் அந்தக் கீழ்ச் சுரங்களுக்கு மட்டும் 16 மடங்கு வாட் கேட்கிறீர்கள் என்று பொருள். வீட்டில் மெதுவாக வாசிக்கும்போது பொருத்திய குமிழ்களோடு மேடையேறினால் முதல் பாட்டிலேயே கிளிப் விளக்கு (ஆம்ப் எல்லை மீறுவதைக் காட்டுவது) எரிவது இதனால்தான். மேடையில் எல்லாக் குமிழ்களையும் 12 மணி நிலையில் வைத்துத் தொடங்கி, கேட்கவில்லை என்றால் 250 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையுள்ள நடுப்பகுதியைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். டிரம்ஸுக்கும் கீபோர்டுக்கும் நடுவே பேஸ் தெரிவது அங்கேதான்.

பெட்டியின் பின்னால் 300 வாட் என்று எழுதியிருப்பது வாய்ஸ் காயில் (கோனை நகர்த்தும் கம்பிச் சுருள்) வெந்துபோகாமல் தாங்கும் வெப்பக் கணக்கு. கோன் எல்லையை முட்டும் கணக்கு வேறு. கீழ்ச் சுரத்தில் அது பெரும்பாலும் முன்னதாகவே வந்துவிடும். ஆகவே 500 வாட் ஹெட்டை 250 வாட் பெட்டியில் மாட்டினால் உடனே எரிந்துவிடும் என்ற பயமும் வேண்டாம், பெட்டி 800 வாட் என்பதால் எதையும் செய்யலாம் என்ற தைரியமும் வேண்டாம். கருகிய வாசனை வந்தால் காயில், படபடத்தால் கோன். இரண்டாவது உடனே எச்சரிக்கும், முதலாவது பெரும்பாலும் எச்சரிக்காது.

ஓம் கணக்கில்தான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள். ஹெட்டின் பின்னால் உள்ள இரண்டு ஸ்பீக்கர் அவுட்டும் பெரும்பாலும் பேரலல். 8 ஓம் பெட்டி இரண்டு சேர்ந்தால் 4. 4 ஓம் இரண்டு சேர்ந்தால் 2. 8ம் 4ம் சேர்ந்தால் 2.67. ஹெட்டில் "குறைந்தபட்சம் 4 ஓம்" என்று இருந்தால் கடைசி இரண்டும் கூடாது. மாட்டினால் உடனே புகை வரும் என்பதில்லை. மெதுவாக வாசிக்கும்வரை ஒன்றும் ஆகாது, கச்சேரி சூடு பிடிக்கும்போது பாதுகாப்புச் சர்க்யூட் விழுந்து ஆம்ப் ஊமையாகும். மிக மோசமான நேரம் எதுவோ அதையே தேர்ந்தெடுக்கும்.

"4 ஓமில் 500 வாட் முழுதாக வருமே" என்று முதல் பெட்டியையே 4 ஓமாக வாங்குவது பொதுவான தவறு. இரண்டாவது பெட்டிக்கான கதவு அத்தோடு மூடிவிடுகிறது. மார்க்பாஸ் லிட்டில் மார்க் 3 ஹெட் 8 ஓமில் 300 வாட், 4 ஓமில் 500. அகுய்லார் டோன் ஹேமர் 500 முறையே 250, 500. ஒற்றை 8 ஓம் பெட்டியில் இழப்பது 2 முதல் 3 டெசிபெல். அதற்காக எதிர்காலத்தை அடகு வைக்க வேண்டாம்.

நாலு பத்தோடு ஒரு பதினைந்தைச் சேர்த்து அடுக்குவது எண்பதுகளிலிருந்தே ஒரு பழக்கம். பார்க்கக் கம்பீரம். இரண்டும் 8 ஓம் என்றால் வாட் பாதிப் பாதியாகப் பிரியும்: நாலு பத்தில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் எட்டில் ஒரு பங்கு, ஒற்றைப் பதினைந்துக்கு முழுப் பாதி. முதலில் திணறுவது பதினைந்து. நாலு பத்து இன்னும் பாதி பலத்தில் சும்மா நிற்கும்போதே வால்யூமை நிறுத்த வேண்டியிருக்கும். வெவ்வேறு பெட்டிகள் ஒரே அலைவரிசையில் ஒன்றுக்கொன்று எதிராக நகர்ந்து சில சுரங்களை விழுங்கவும் செய்யும். ஒரே மாடல் இரண்டு என்றால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

காம்போ

ஹெட்டும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டி. தூக்கிக்கொண்டு போய் ப்ளக்கைச் சொருகினால் வேலை முடிந்தது. ஃபெண்டர் ரம்பிள் 100 ஒரு 12 இன்ச் ஸ்பீக்கரோடு ஏறக்குறைய 10 கிலோ, பின்னால் மிக்சருக்குப் போகும் எக்ஸ்எல்ஆர் அவுட்டும் உண்டு. கல்யாண ரிசப்ஷன், சர்ச், கல்லூரி விழா என்று பி.ஏ. (ஹாலுக்கான ஒலிபெருக்கி அமைப்பு) இருக்கும் இடங்களில் அது மானிட்டராக மட்டும் நின்றால் போதும், ஹாலுக்குப் பேஸைக் கொண்டுபோவது சப்வூஃபரின் பாடு. டிரம்ஸ்காரர் கையை அடக்காதவர், பி.ஏ. வெறும் பாட்டுக்கு மட்டும் என்றால் 100 வாட் பத்தாது. அப்போது அதே வரிசையின் ரம்பிள் 500: இரண்டு பத்து, தனியாக 350 வாட், வெளியே இன்னொரு 8 ஓம் பெட்டி சேர்த்தால் 500, எடை பதினாறரை கிலோ. வாங்குமுன் வெளிப்பெட்டிக்கான அவுட் இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய காம்போக்களில் பெரும்பாலும் இருக்காது.

காம்போவின் குறை ஒன்றே: பாதி கெட்டால் முழுதும் வீட்டில். ஹெட் பழுதானால் இன்னொருவர் ஹெட்டைக் கடன் வாங்கி மாட்ட வழியில்லை.

எட்டுப் பத்து

1969இல் ரோலிங் ஸ்டோன்ஸ் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் மேடையேறிய எஸ்விடிதான் இந்தக் கோபுரத்துக்கு மூலம். 300 வாட், பதினான்கு வால்வுகள் (பழைய ரேடியோக்களில் இருந்ததுபோன்ற கண்ணாடிக் குழாய்கள்), எட்டு 10 இன்ச் ஸ்பீக்கர். இன்றைய 810இ பெட்டி மட்டும் 63.5 கிலோ, வால்வு ஹெட் 36 கிலோவுக்குக் குறையாது. இரண்டும் சேர்ந்து நூறு கிலோ. மாடிப்படி உள்ள ஹாலில் இதன் ருசி வேறாகத் தெரியும்.

ஆனாலும் வெறும் பந்தா என்று ஒதுக்க முடியாது. உள்ளே நான்கு மூடிய அறைகள், அறைக்கு இரண்டு ஸ்பீக்கர். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 100 டெசிபெல். மூடிய பெட்டி என்பதால் மிக ஆழத்தில் குழம்பாமல் 80 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை திடமாக நிற்கிறது. உயரமாக இருப்பதால் மேல் ஸ்பீக்கர்கள் நெஞ்சுக்கும் காதுக்கும் நேராக வருகின்றன. வாசிப்பவர் தன் விரலைத் தானே கேட்கிறார். இதற்கு ஈடான அனுபவத்தைச் சிறிய பெட்டிகள் கஷ்டப்பட்டே தரும். மேடையில் ஏற்பாட்டாளர் வைத்திருந்தால் சந்தோஷமாக வாசியுங்கள். சொந்தமாக வாங்க, வேனும் இரண்டு ஆட்களும் நிரந்தரமாக வேண்டும்.

நாலு பத்து, இரண்டு பன்னிரண்டு

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். எண்பதுகளில் எஸ்டபிள்யூஆர் கோலியத் ட்வீட்டரோடு நாலு பத்தைக் கொண்டுவந்த பிறகு அதுவே மேடை வழக்கமானது. பழைய செராமிக் காந்த மாடல்கள் 35 முதல் 45 கிலோ, நியோடைமியம் காந்தம் வந்த பிறகு 20 முதல் 25 வரை இறங்கியது. சத்தத்துக்குக் குறைவில்லை.

நாலு பத்தின் கோளாறு அதன் சதுர அடுக்கில் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு 10 இன்ச் ஸ்பீக்கரின் மையங்களுக்கு இடையே ஏறக்குறைய 27 செ.மீ. இருக்கும். 1,300 ஹெர்ட்ஸ் அலையின் நீளமும் அதுதான். நேர் முன்னே நிற்பவருக்கு இரண்டு சத்தமும் ஒன்றாக வந்து சேரும். பக்கவாட்டில் நிற்பவருக்கு ஒன்று பிந்தி வந்து சில அலைவரிசைகளை அடித்துவிடும். டிரம்ஸ்காரருக்கும் கீபோர்டுக்காரருக்கும் மங்கலான உறுமல் மட்டும் போகிறது, "பேஸைக் கூட்டுங்க" என்கிறார்கள். கூட்டினால் முன்வரிசைக்குத் தலைவலி.

இரண்டு 1×12 பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் செங்குத்தாக அடுக்கினால் கிடைமட்டத்தில் அகலம் ஒரு கோன் மட்டும். மேடை முழுதும் சத்தம் ஒரே மாதிரி பரவும், மேல் பெட்டி இடுப்பைத் தாண்டி உயரும். அகுய்லார் எஸ்எல் 112 பெட்டி 250 வாட், 11.3 கிலோ. இரண்டும், 1.8 கிலோ டோன் ஹேமர் ஹெட்டும் சேர்ந்து 25 கிலோவுக்குள். ஆட்டோவில் ஏறும். சின்ன இடத்துக்கு ஒன்றை மட்டும் கொண்டுபோகலாம். இந்த வசதி நாலு பத்துக்கு இல்லை. பாதியை வீட்டில் வைத்துவிட்டு வர முடியாது. மொத்தக் காற்றுத் தள்ளலில் நாலு பத்து சற்று முந்தும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பி.ஏ. இல்லாத திறந்த வெளியில் சத்தமான ராக் வாசிப்பவர் என்றால் இந்தக் கட்டுரையின் பரிந்துரையைத் தாண்டி நாலு பத்தை வாங்கலாம்.

ஆம்பே இல்லாமல்

அமெரிக்க இசை நிறுவனமான மோடவுனின் பாட்டுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸ் பெரும்பாலும் ஆம்ப் வழியாக வராமல் நேராக மிக்சருக்குள் போய்ப் பதிவானது. கிளப்பில் வாசிக்க அவரிடம் ஆம்பெக் பி-15 இருந்தது என்பது வேறு. காதுக்குள் மானிட்டர் போடும் குழுக்களில் இன்று ப்ரீஆம்ப் பெடல், டிஐ பாக்ஸ் (பேஸை நேராக மிக்சரில் மாட்ட உதவுவது), அவ்வளவே. எடை ஒரு கிலோவுக்குள். கேபினட் சிமுலேஷன் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்வது) உள்ள பெடலாக இருந்தால் வெறும் டிஐயில் வரும் கம்பிச் சத்தத்தின் கூர்மை மழுங்கும்.

எச்சரிக்கை: இதில் உங்கள் சத்தம் முழுதும் சவுண்ட்காரர் கையில். மானிட்டர் கலவையில் பேஸைத் தரக்கூடியவராக இருந்தால் சொர்க்கம். மேடை மானிட்டர் பெட்டிகளே பாட்டுக்காரருக்கென்று 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டப்பட்டிருந்தால் நீங்கள் வாசிப்பது உங்களுக்கே கேட்காது. இளையராஜா பாடல்களைப்போல பேஸ் ஓயாமல் நகரும் வரிகளை அப்படி வாசிப்பது கண்ணைக் கட்டி நடப்பதற்குச் சமம். அதனால் இந்த வழியில் போகிறவரும் ஒரு சிறிய காம்போவை மூலையில் வைத்துக்கொள்வது நல்லது.

வால்வா, கிளாஸ் டியா

வால்வு ஹெட் எல்லையைத் தொடும்போது மொத்தமாக வெட்டாமல் மெல்ல அமுங்கும், அதனால் 300 வாட் வால்வு காதுக்கு இன்னும் பெரிதாகப் படும். கிளாஸ் டி எல்லையைத் தாண்டினால் லிமிட்டர் பிடிக்கும் அல்லது கரகரக்கும், ஆகவே தேவைக்கு இரு மடங்கு வாட் வைத்துக்கொள்வது வழக்கம். ருசி பற்றிச் சண்டை போட நிறைய இடமிருக்கிறது. பராமரிப்பில் சண்டைக்கு இடமில்லை. பவர் வால்வுகளைக் காலப்போக்கில் செட்டாக மாற்ற வேண்டும், பயாஸ் (வால்வு சும்மா இருக்கும்போது இழுக்கும் மின்னோட்டம்) சரிபார்க்க வேண்டும், லாரியில் குலுங்கினால் வால்வு சாக்கெட்டில் தளரும். பெட்டியை மாட்டாமல் வால்வு ஹெட்டை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். கிளாஸ் டிக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனால் அதற்கு வெயில் ஆகாது: பக்கவாட்டுக் காற்றுத் துவாரத்தைத் துணியால் மூடி, பகல் திருவிழா மேடையில் வைத்தால் சூட்டில் நின்றுவிடும். பல கிளாஸ் டி ஹெட்களின் ஸ்பீக்கர் அவுட்டில் இரு கம்பியிலும் மின்னழுத்தம் இருக்கும், எதுவும் எர்த் கிடையாது. அதனால் அந்த அவுட்டை மிக்சரிலோ வேறு ஆம்பிலோ மாட்டக் கூடாது.

ஸ்பீக்கர் அவுட்டுக்குக் கிட்டார் கேபிளைப் போடுவதும் பழைய தவறுதான். உள்ளே இருப்பது மெல்லிய கம்பி, சுற்றிலும் ஷீல்டு. 500 வாட் போனால் சூடேறும். 2.5 சதுர மி.மீ. இரட்டைக் கம்பி, இரு முனையிலும் ஸ்பீக்கான் (பூட்டிக்கொள்ளும் ஸ்பீக்கர் ப்ளக்). நீளம் இரண்டு மீட்டருக்குள் இருந்தால் 1.5ம் போதும்.

கரண்ட்

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஹெட் என்றால் சொருகுமுன் பின்னால் படியுங்கள். 100–240 என்று இருந்தால் நம் 230க்கு நேராக மாட்டலாம். 115/230 சுவிட்ச் இருந்தால் மாற்றிவிட்டு மாட்டலாம். வெறும் 120 என்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடவே கூடாது. 500 வாட் கிளாஸ் டிக்கு 1,000 விஏ வைத்தால் நிம்மதி. ப்ளக் அடாப்டர் முனையை மட்டுமே மாற்றும், வோல்டேஜை மாற்றாது. இந்த ஒரு வரியைத் தவறவிட்டதால் பவர் சப்ளை வெடித்த ஹெட்கள் ரிப்பேர் கடைகளில் நிறைய.

மேடையில் "ஹம்" வந்தால் எர்த் பின்னை ஒடிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. உயிரோடு விளையாட்டு. பேஸின் ஸ்ட்ரிங்குகள் ஆம்பின் எர்த்தோடு சேர்ந்தவை. மைக் மிக்சரின் எர்த்தோடு சேர்ந்தது. இரண்டுக்கும் இடையே வோல்டேஜ் இருந்தால், ஸ்ட்ரிங்கில் கையும் மைக்கில் உதடும் படும்போது கரண்ட் உங்கள் வழியாகப் போகும். ஹம்முக்கு டிஐயில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பட்டனை அழுத்துங்கள், அது சிக்னல் எர்த்தை மட்டும் துண்டிக்கும். அது போதாதென்றால் ஆம்பையும் மிக்சரையும் ஒரே போர்டிலிருந்து எடுங்கள். ஜெனரேட்டர் மேடைகளில் லைட்டுக்கு ஒரு ஃபேஸ், சவுண்டுக்கு வேறு ஃபேஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

எங்கே வைப்பது

பெட்டியின் முகத்துக்கும் பின்சுவருக்கும் ஒரு மீட்டர் இருந்தால் 86 ஹெர்ட்ஸில் பள்ளம் விழும். சுவரில் பட்டுத் திரும்பும் அலை அரைச் சுற்றுப் பிந்தி வந்து முன்னலையை அழிக்கிறது. ஈ ஸ்ட்ரிங்கின் பலமான இடமே அது. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பள்ளம் 200 ஹெர்ட்ஸ் பக்கம் நகர்ந்து, பெட்டி அந்தச் சுரங்களைப் பின்னால் அனுப்புவது குறைந்து, தொல்லை பெருமளவு மறையும். "பேஸ் அலை எட்டு மீட்டர், தூரத்தில்தான் உருவாகும்" என்று சொல்பவர்களிடம் ஹெட்ஃபோனை மாட்டிவிடுங்கள், காதருகிலேயே பேஸ் கேட்கும்.

மரப்பலகை மேடை தானே டிரம்போல அதிர்ந்தால் பெட்டிக்கு அடியில் ஐந்து செ.மீ. கெட்டியான ஃபோம் போடலாம். ஒற்றை 1×12 தரையில் இருந்தால் முழங்காலுக்கு வாசிக்கிறீர்கள் என்று பொருள். பின்னால் சாய்த்து முகம் உங்கள் தலையைப் பார்க்கும்படி வையுங்கள். அப்போது ட்ரெபிளைக் குறைக்கத் தோன்றும், குறைத்தும் விடுங்கள். முன்வரிசைக்கு இதுவரை அது காதைக் குத்திக்கொண்டிருந்திருக்கும்.

பழைய பெட்டி, உள்ளூர்ப் பெட்டி

செகண்ட் ஹேண்ட் பெட்டி பார்க்கப் போகும்போது மல்டிமீட்டரும் 9 வோல்ட் பேட்டரியும் போதும். 8 ஓம் பெட்டி மீட்டரில் 5.5 முதல் 7 வரை காட்டும், 4 ஓம் பெட்டி 3 முதல் 3.6. நான்கு 8 ஓம் ஸ்பீக்கர் பேரலல்-சீரிஸில் கட்டிய 8 ஓம் பெட்டி 8ஐத் தாண்டிக் காட்டினால் ஒரு ஸ்பீக்கர் போய்விட்டது, மற்றவை சத்தத்தில் அதை மறைத்துக்கொண்டிருக்கின்றன. பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கானின் 1+ல் ஒரு நொடி தொட்டால் எல்லாக் கோன்களும் முன்னே வர வேண்டும். ஒன்று மட்டும் உள்ளே போனால் யாரோ ரிப்பேர் செய்து கம்பியை மாற்றிப் போட்டிருக்கிறார்கள், லோ அங்கே காணாமல் போகும். வேறு கம்பெனிப் பெட்டியோடு அடுக்குமுன்னும் இதே சோதனை. பிறகு கோனை இரு கை விரல்களால் சமமாக அழுத்துங்கள். உரசல் கேட்டால் காயில் கோணியிருக்கிறது. ட்வீட்டரை முழுதும் திறந்து வெறும் ஆம்ப் இரைச்சலைக் கேளுங்கள், இரைச்சலே வராவிட்டால் ட்வீட்டரோ அதைக் காக்கும் கிராஸ்ஓவர் பல்போ போயிருக்கும். பல்பு மாற்றுவது சுலபம்.

கிழிந்த கோனுக்கு ரீகோன் செய்யும் ஆட்கள் நம் ஊரில் நிறைய, கூலியும் அதிகமில்லை. ஆனால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைத்த ஏதோ ஒரு பி.ஏ. 12 இன்ச்சை பேஸ் பெட்டியில் பொருத்தி எதிர்பார்த்தது வராமல் குழம்புபவர்கள் உண்டு. போர்ட் நீளம் பழைய ஸ்பீக்கருக்காக வெட்டியது. கடைக்காரரிடம் தீலே-ஸ்மால் அளவுகள் (பெட்டிக் கணக்குக்கு வேண்டிய ஸ்பீக்கர் எண்கள்) உள்ள தாளைக் கேளுங்கள், இல்லாத ஸ்பீக்கரை வாங்காதீர்கள்.

ஆசாரியிடம் புதிதாகவே பெட்டி அடிப்பதானால் எம்டிஎஃப் வேண்டாம், இரண்டு மழைக்காலத்தில் ஓரம் உப்பிவிடும். 15 அல்லது 18 மி.மீ. பிளைவுட், உள்ளே நடுவில் ஒரு குறுக்குச் சட்டம், எல்லா மூட்டிலும் பசை. ஒரு நல்ல 12 இன்ச்சுக்கு உள் கொள்ளளவு 60 லிட்டர் என்று வைத்தால், 7.5 செ.மீ. உள்விட்டம் கொண்ட இரண்டு பிவிசி குழாய், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12 செ.மீ. நீளம், 50 ஹெர்ட்ஸுக்கு இசையும். ஸ்பீக்கரும் சட்டமும் பிடிக்கும் இடத்தைக் கழித்த பிறகுதான் அந்த 60. குழாயை ஒட்டுமுன் டேப் போட்டு மாட்டி ஜி-யிலிருந்து ஈ வரை ஒவ்வொரு ஃப்ரெட்டாக இறங்கி வாசித்துப் பாருங்கள். ஏதேனும் ஒரு சுரம் மட்டும் தூக்கி நின்றால் குழாயை ஒரு செ.மீ. கூட்டிப் பாருங்கள். பசை காய்ந்த பிறகு கூட்ட முடியாது.